ஆட்டுப்பால் சோப்பு: தெரியாமல் செய்யும் தவறுகள்

கையால் செய்த நல்ல ஆட்டுப்பால் சோப்பைப் போட்டுக் குளித்தால், துடைத்த பிறகு தோல் இழுத்துப் பிடிக்காது. பல வருடங்களாக வீட்டில் சோப்பு செய்துவரும் எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த மென்மை எதனால் வருகிறது என்பதைத் தவறாகப் புரிந்துகொண்டு, கிடைக்க வேண்டிய பலனைப் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள்.

"ஆட்டுப்பாலின் பிஎச்சும் தோலின் பிஎச்சும் ஒன்று, அதனால்தான் இது மென்மை" என்று அடிக்கடி சொல்லக் கேட்கிறேன். பிஎச் என்பது ஒரு பொருளின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்; 7க்குக் கீழே அமிலம், மேலே காரம். தோலின் பிஎச் சுமார் 5. ஆட்டுப்பாலுக்கு 6.5க்குச் சற்று மேல். அதைவிட முக்கியம், அந்தப் பால் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்துதான் சோப்பாகிறது. எண்ணெயும் சோடாவும் சேர்ந்து உருவாகும் சோப்பு எதுவானாலும் காரத்தன்மை உடையதுதான்; பிஎச் பொதுவாக 9 முதல் 10 வரை இருக்கும். பாலில் இருக்கும் லாக்டிக் அமிலமும் சோடாவோடு சேர்ந்து சோடியம் லாக்டேட் ஆகிவிடுகிறது. இது ஈரத்தை ஈர்க்கும், கட்டியைக் கெட்டியாக்கும். ஆனால் லாக்டிக் அமிலம் போலத் தோலை உரித்துப் பளபளப்பாக்காது. ஆகவே சோப்பு நுரையை ஃபேஸ் பேக் போல முகத்தில் பூசி ஊறவிடாதீர்கள். காரம் கூடுதல் நேரம் தோலில் தங்குவதுதான் மிச்சம். லேசாகத் தேய்த்து உடனே கழுவிவிடுங்கள்.

அப்படியானால் மென்மை எங்கிருந்து வருகிறது? சோப்பு உருவாகும்போதே கிளிசரின் உண்டாகிறது. பெரிய தொழிற்சாலைகள் பெரும்பாலும் அதைப் பிரித்தெடுத்துவிடும்; கையால் செய்யும்போது அது கட்டியிலேயே தங்கிவிடும். மேலும் நாங்கள் எண்ணெயில் 5 சதவீதம் போல சோப்பாக மாறாமல் மிஞ்சும்படி சோடாவைக் குறைத்தே போடுவோம். சூப்பர்ஃபேட் என்பது இதுதான். பாலின் கொழுப்பும் சர்க்கரையும் நுரைக்கு ஒரு குழைவைத் தருகின்றன. ஆட்டுப்பால் என்ற பெயரை மட்டும் பார்த்து வாங்குவது அதனால்தான் தவறு. எந்த எண்ணெய் எவ்வளவு என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் மிக அதிகமானால் நுரை பொங்கும். ஆனால் வறண்ட தோலை இன்னும் உலர்த்திவிடும். ஆலிவ் எண்ணெய் கூடுதலாக உள்ள கட்டி சாதுவாக இருக்கும்.

நிறத்தை வைத்தும் ஏமாறாதீர்கள். பால் சர்க்கரை சோடாவின் சூட்டில் பழுப்பேறும். பாலை உறையவைத்துச் சேர்த்தால் நிறம் ஓரளவு வெளிறியிருக்கும். எனவே இளம்பழுப்புக் கட்டி பழசும் அல்ல, போலியும் அல்ல. "காஸ்டிக் சோடாவே சேர்க்காதது" என்று யாராவது விற்றால் அந்தப் பேச்சைத்தான் சந்தேகப்பட வேண்டும். அது இல்லாமல் கட்டிச் சோப்பு இல்லை. சரியாக அளந்து செய்த கட்டியில் அது முழுக்க மாறிப்போயிருக்கும். செய்து நாலு முதல் ஆறு வாரம் காயவைத்த கட்டியா என்றும் கேளுங்கள். அப்படிக் காயவைக்காத கட்டி சீக்கிரமே கரைந்துபோகும்.

எனக்கு மிகவும் கவலை தரும் தவறு வேறு. எக்ஸிமா, சொரியாசிஸ் இருப்பவர்கள் இந்தச் சோப்பை மருந்தென்று நினைத்து டாக்டர் தந்த களிம்பை நிறுத்திவிடுகிறார்கள். சோப்பு அழுக்கைப் போக்கும், நோயைக் குணப்படுத்தாது. ஒரு தாய் என்னிடம், "குழந்தைக்கு மாட்டுப்பால்தான் அலர்ஜி, இது ஆட்டுப்பால்தானே?" என்று கேட்டார். நான் தரவில்லை. இரண்டு பாலின் புரதங்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி. மாட்டுப்பால் ஒவ்வாதவர்களில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. வெடித்துப் புண்ணான தோல் வழியாகவும் உடல் அந்தப் புரதத்தை எதிரியாக அடையாளம் கண்டுகொள்ளலாம். பால் அலர்ஜி இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

மற்றவர்களும் முன்னங்கையின் உட்புறத்தில் சில நாள் போட்டுப் பார்த்துவிட்டு முகத்துக்கு வாருங்கள். அரிப்பு வந்தால் பாலைவிட வாசனை எண்ணெய்தான் காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். 'இயற்கை' என்று எழுதியிருப்பதால் லாவெண்டர் எண்ணெய் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்றில்லை. எளிதில் ஒவ்வாமை வரும் தோலென்றால் வாசனையே இல்லாத கட்டியை எடுங்கள்.

குளித்ததும் ஈரம் முழுதாகக் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். எவ்வளவு நல்ல சோப்பும் கழுவியதும் தண்ணீரோடு போய்விடுகிறது. மாய்ஸ்சரைசரின் வேலையைச் சோப்பால் செய்ய முடியாது.

கட்டியைத் தண்ணீர் தேங்கும் டப்பாவில் வைக்காதீர்கள். கிளிசரின் ஈரத்தை உறிஞ்சி இரண்டே வாரத்தில் கூழாக்கிவிடும். அடியில் ஓட்டை உள்ள தட்டில் வையுங்கள். ஆரஞ்சுப் புள்ளிகள் தோன்றி எண்ணெய் சிக்குவாடை அடித்தால், அதற்கு மேல் அந்தக் கட்டியை உடம்புக்குப் போட வேண்டாம்.