லைட் ஸ்போர்ட் விமானம்: வாங்குவதா, நாமே கட்டுவதா? தென்னாப்பிரிக்காவில் புதிதாகத் தொடங்குவோருக்கான செய்முறை

ஜோகன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவிலிருந்தும் டர்பன் பக்கத்து சாட்ஸ்வொர்த்திலிருந்தும் பறக்கும் பயிற்சிக்கு வரும் நம் பிள்ளைகள் பலர், உரிமம் கைக்கு வருவதற்கு முன்பே சொந்த விமானத்தைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். அந்த ஆசை நல்லது. ஆனால் வாங்குவதா கட்டுவதா என்ற முடிவை விலைப்பட்டியலை வைத்து மட்டும் எடுத்தால், பாதி முடிந்த இறக்கைகள் கராஜில் தூசி படிந்து கிடக்கும் நிலைதான் பெரும்பாலும் வருகிறது. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பறக்க விரும்புகிறவர் வாங்க வேண்டும், கட்டும் வேலையே தனக்கு வேண்டும் என்று இருப்பவர் மட்டும் கட்ட வேண்டும். நீங்கள் எந்த வகை என்பதைக் கீழுள்ள படிகளை வரிசையாகச் செய்து பார்த்தால் கண்டுகொள்ளலாம்.

படி 1: எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்

லைட் ஸ்போர்ட் விமானம் என்ற வகையை அமெரிக்கா 2004இல் விதிகளால் வரையறுத்தது. இரண்டு இருக்கை, ஒரே எஞ்சின், மடங்காத சக்கரங்கள், பறக்கத் தொடங்கும்போது மொத்த எடை 600 கிலோவுக்கு மிகாமை ஆகியவை அதன் முக்கியமான எல்லைகள். தென்னாப்பிரிக்காவிலும் தேசிய விமானி உரிமத்தில் ஓட்டும் லைட் ஸ்போர்ட் விமானத்துக்கு 600 கிலோதான் எல்லை. அமெரிக்கா 2025இல் தன் எல்லைகளைத் தளர்த்திவிட்டது என்பதால், அங்கே விற்பனைக்கு வரும் கனமான மாடல்களின் படங்களைப் பார்த்து, அவை இங்கும் அதே வகையில் அடங்கும் என்று கருத வேண்டாம். இங்கே இவ்வகை விமானங்கள் இசட்-யூ என்று தொடங்கும் பதிவெண்ணைப் பெறுகின்றன. பறக்கும் அனுமதிச் சான்றையும் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பெற்று, ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

படி 2: எடைக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள்

இதைத் தாண்டிச் செல்லாதீர்கள். மற்ற எல்லாப் படிகளும் இதன் மீதுதான் நிற்கின்றன. விமானத்தின் வெற்று எடை 370 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 600இலிருந்து கழித்தால் 230 கிலோ மீதி. ஆளுக்கு 85 கிலோ என்று இரண்டு பேர் ஏறினால் 170 போய்விடும். பைகளுக்குப் பத்து கிலோ ஒதுக்கினால் எரிபொருளுக்கு எஞ்சுவது 50 கிலோ. ஒரு லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 0.72 கிலோ என்பதால் அது 69 லிட்டர் ஆகிறது. இவ்வகை விமானங்களில் பரவலாக உள்ள ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் மணிக்குச் சுமார் 19 லிட்டர் குடித்தால் மூன்றரை மணி நேரம் பறக்கலாம். அவசரத்துக்கு முக்கால் மணி நேர எரிபொருள் இருப்பைத் தொடாமல் வைத்தால் கையில் இருப்பது மூன்று மணி நேரத்துக்கும் குறைவே. ஜோகன்னஸ்பர்கிலிருந்து டர்பன் நேர்கோட்டில் கிட்டத்தட்ட 500 கிலோமீட்டர். நூறு நாட் வேகத்தில், அதாவது மணிக்கு 185 கிலோமீட்டரில் சென்றால், காற்று எதிர்க்காத நாளில் இரண்டு மணி நாற்பது நிமிடம் ஆகும். கணக்கு மயிரிழையில்தான் பொருந்துகிறது.

இப்போது அதே விமானத்தை நீங்களே கட்டும்போது, தடித்த பெயின்ட், தோல் இருக்கை, இரண்டாவது திரை, கனமான பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வெற்று எடையை 400 கிலோவுக்குக் கொண்டுவந்துவிட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். எரிபொருளுக்கு 20 கிலோ, அதாவது 28 லிட்டர்தான் இடம். இருப்பைக் கழித்தால் முக்கால் மணி நேரம் பறக்கலாம். வீட்டில் கட்டப்படும் விமானங்களில் அடிக்கடி காணப்படும் குறை இந்த எடையேற்றம் என்பதால், கட்ட முடிவெடுப்பவர் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பொருளையும் தராசில் வைத்து எழுதிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர் விளம்பரத்தில் உள்ள வெற்று எடையை நம்பாமல், அந்தக் குறிப்பிட்ட விமானத்தின் எடைச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும்.

படி 3: விமானம் எந்த ஊரில் நிற்கப்போகிறது?

ஜோகன்னஸ்பர்குக்கு அருகே ஜெர்மிஸ்டனில் உள்ள ராண்ட் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,500 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கான நியம வெப்பநிலை 4 டிகிரி. ஜனவரி பிற்பகலில் 30 டிகிரி இருந்தால், காற்று 8,600 அடி உயரத்தில் இருப்பதைப் போல மெலிந்துவிடுகிறது. டர்போ இல்லாத 100 குதிரைத்திறன் எஞ்சின் அங்கே ஏறக்குறைய 75 குதிரைத்திறனையே தரும். இறக்கைக்கும் சுழலிக்கும் பிடிப்பு குறையும். ஓடுதளத்தில் ஓட வேண்டிய தூரம் நீளும். டர்பனின் வர்ஜீனியா நிலையத்தில் கடல் மட்டத்தில் துள்ளி எழுந்த அதே விமானம், உள்நாட்டு மேட்டுநிலத்தில் முழு எடையுடன் வேலியைத் தாண்டவே திணறலாம். ஆகவே மேட்டுநிலத்தில் இருப்பவர்கள், முழு விமானம் வாங்க நினைத்தாலும், நாமே பொருத்திக் கட்டும் பாகங்களின் தொகுப்பான கிட் வாங்க நினைத்தாலும், சோதனைப் பறப்பை ஜூலை மாதக் குளிர்காலையில் செய்து மகிழ்ந்துவிடாமல், கோடைப் பிற்பகலில் இரண்டு பேர் ஏறிச் செய்து பார்க்க வேண்டும்.

கடற்கரையில் இருப்பவர்களுக்கு வேறு கவலை உண்டு. உப்புக்காற்று அலுமினியத்தை உள்ளிருந்து அரிக்கும். டர்பன் பக்கம் பல ஆண்டுகள் நின்ற பழைய விமானத்தைப் பார்க்கும்போது, இறக்கையின் அடியிலுள்ள ஆய்வு மூடிகளைக் கழற்றி, விளக்குப் பிடித்து, தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைச் சுற்றி, அரிப்பின் அடையாளமான வெள்ளைப் பொடி தெரிகிறதா என்று பாருங்கள். இந்த ஒரு விஷயத்தில் கட்டுகிறவருக்கு உண்மையான அனுகூலம் இருக்கிறது: ஒவ்வொரு தகட்டுக்கும் பொருத்துவதற்கு முன்பே அரிப்பைத் தடுக்கும் பிரைமர் பூச்சு அடித்து வைக்கலாம்.

படி 4: பணம்

கிட்டின் விலையில் பொதுவாக எஞ்சின், சுழலி, கருவிகள், பெயின்ட், இருக்கை உறை எதுவும் அடங்காது. வெளிநாட்டிலிருந்து வந்தால் கப்பல் செலவும் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரியும் சேரும். ஜோகன்னஸ்பர்குக்குத் தெற்கே டெடர்ஃபீல்டில் உருவாகும் ஸ்லிங் போன்ற உள்நாட்டு விமானத்தைத் தேர்ந்தால், உதிரிப் பாகத்தைக் காரிலேயே போய் எடுத்துவரலாம்; இது சிறிய வசதி அல்ல. என்றாலும் ரோட்டாக்ஸ் எஞ்சின் ஆஸ்திரியாவில் செய்யப்படுவதால், நம் ராண்ட் நாணயத்தின் மதிப்பு சரியும்போதெல்லாம் அதன் விலை ஏறும். கட்டுவதில் பணத்தைத் தவணை தவணையாகப் பிரித்துக் கொடுக்க முடியும் என்பது நல்ல பக்கம். இரண்டு ஆண்டுக்குப் பிறகு எஞ்சினை எந்த மாற்று விகிதத்தில் வாங்கப்போகிறோம் என்பது இன்று தெரியாது என்பது மறுபக்கம்.

முன்பணம் முழுவதையும் ஒரே நேரத்தில் கட்டாதீர்கள். உலகின் மிகப் பெரிய கிட் நிறுவனங்களில் ஒன்றான அமெரிக்காவின் வான்ஸ் ஏர்கிராஃப்ட் 2023 டிசம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. 2024இல் அது மீண்டு வந்தாலும், ஏற்கெனவே பதிவு செய்திருந்தவர்கள் கூடுதல் விலையை ஏற்க வேண்டியிருந்தது.

படி 5: நேரம்

வான்ஸ் நிறுவனமே தன் ஆர்வி-12 கிட்டுக்கு 700 முதல் 900 மணி நேரம் என்று சொல்கிறது, அதுவும் ரிவெட் அடிக்க எளிதான, துளைகள் முன்பே இடப்பட்ட கிட். 800 மணி நேரம் என்று கொண்டால், வாரம் எட்டு மணி நேரம் உழைப்பவருக்கு நூறு வாரங்கள் ஆகும். புரட்டாசி, தைப்பூசக் காவடி, குடும்பத்துத் திருமணங்கள், கோவில் திருவிழாக்கள் ஆகியவற்றை நாட்காட்டியில் முன்கூட்டியே அடித்துவிட்டு மீதி ஞாயிறுகளை எண்ணிப் பாருங்கள். மூன்று ஆண்டு என்று வரும். அந்த மூன்று ஆண்டும் குடும்பத்தாருடைய நேரமும்தான் என்பதால், வீட்டில் உட்கார்ந்து பேசி ஒப்புதல் பெறாமல் தொடங்க வேண்டாம்.

2019இல் நம் நாட்டுப் பள்ளி மாணவர்கள் ஸ்லிங் 4 ஒன்றை மூன்று வாரத்தில் பொருத்தினார்கள், அது கேப் டவுனிலிருந்து கெய்ரோ வரை பறந்தது என்பதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அது பெருமைக்குரிய செய்தி. ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் இருபது பேர். உங்கள் கராஜில் நீங்கள் ஒருவர்.

படி 6: வாங்குவது என்று முடிவானால்

விற்பவருக்கு வேண்டியவராக இல்லாத, விமானங்களைச் சோதிக்க ஆணையத்தின் அங்கீகாரம் பெற்ற ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். லாக் புக்கில் எஞ்சின் மணி நேரத்தை மட்டும் பார்க்காதீர்கள். ரோட்டாக்ஸ் 912இன் ரப்பர் குழாய்களை ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். எஞ்சினுக்கு 2,000 மணி நேர வரம்போடு ஆண்டு வரம்பும் உண்டு. ஆகையால் பன்னிரண்டு ஆண்டில் 200 மணி நேரமே ஓடிய விமானம் புதிதைப் போன்றது என்று விற்பவர் சொன்னால் ஏற்காதீர்கள். நின்றே கிடந்த எஞ்சினுக்கு உள்ளே துருப்பிடிக்கும். ஈயம் கலந்த விமானப் பெட்ரோலில் பெரும்பாலும் ஓடியிருந்தால், எண்ணெயை இன்னும் குறுகிய இடைவெளியில் மாற்றியிருக்க வேண்டும். அந்தப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

வேறொருவர் வீட்டில் கட்டியதை வாங்குவதானால், கட்டும்போது எடுத்த படங்களைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். மூடிய இறக்கைக்குள் என்ன நடந்தது என்பதற்கு அந்தப் படங்களே சாட்சி.

படி 7: கட்டுவது என்று முடிவானால்

முதலில் ஒரு பயிற்சிக் கிட் வாங்கித் தகடு வெட்டி, துளையிட்டு, ரிவெட் அடித்துப் பாருங்கள். வீட்டில் விமானம் கட்டுவோருக்கான சோதனை விமானச் சங்கத்தின் (EAA) உள்ளூர்க் கிளையில் சேர்ந்தால், ஏற்கெனவே கட்டிக்கொண்டிருப்பவர்களின் கராஜுக்குச் சென்று ஒரு நாள் முழுவதும் கைவேலை செய்ய வாய்ப்புக் கிடைக்கும். அந்த நாளின் மாலையில் உடம்பு களைத்தும் மனம் களைக்காமல் இருந்தால் நீங்கள் கட்டக்கூடியவர். அடுத்து, எந்தப் பாகத்தையும் பொருத்துவதற்கு முன் ஆணையத்தில் கட்டுமானத்தைப் பதிவு செய்து, எந்தெந்தக் கட்டத்தில் ஆய்வாளரை அழைக்க வேண்டும் என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வேலையில் பெரும்பகுதியை நீங்களே செய்ததற்கான சான்றாக, தேதியிட்ட படங்களும் குறிப்பேடும் தேவை.

முழுக் கிட்டையும் ஒரே முறையில் வரவழைக்காமல் வால்பகுதியை மட்டும் வாங்குங்கள். நிறுவனம் சொன்ன நேரத்தைப் போல இரு மடங்குக்குள் அதை முடித்தால் இறக்கைகளுக்குப் பணம் கட்டலாம். முடிக்க முடியாவிட்டால், நன்றாகக் கட்டிய வால்பகுதியை அதே மாடலைத் தொடங்கும் இன்னொருவருக்கு விற்றுவிட்டு, படி 6க்குத் திரும்பிச் செல்லுங்கள்.