துவண்டுபோன லேஸ் பனிப்பூக்களை நிமிர்த்தியது இப்படித்தான்

கிறிஸ்துமஸ் மரத்துக்காக டாட்டிங் ஷட்டிலில் (நூலை முடிச்சு முடிச்சாகப் போட்டு லேஸ் பின்னும் சின்ன ஓடம்) பின்னிய லேஸ் பனிப்பூக்கள், மதுரை விளக்குத்தூண் பக்கம் வாங்கிய பருத்தி நூலில் எவ்வளவு இறுக்கி முடிச்சுப் போட்டாலும், தொங்கவிட்டதும் துவண்டுவிட்டன. சுங்குடிச் சேலைக்குப் போடும் கஞ்சியில் முக்கினேன். மார்கழிப் பனியில் ரெண்டே நாளில் தளர்ந்துவிட்டது, எறும்பும் வந்தது.

அப்புறம் வெள்ளைப் பசையும் தண்ணீரும் சம அளவு கலந்து நனைத்துப் பிழிந்தேன். தெர்மாகோல் மேல் 60 டிகிரி இடைவெளியில் ஆறு கோடு வரைந்த தாள், அதன் மேல் பாலித்தீன், அதில் பூவை விரித்து ஒவ்வொரு முனையையும் இழுத்துக் குண்டூசி குத்தினேன். துருப்பிடிக்காத ஊசியாகப் பாருங்கள், ஒரு பூவில் பழுப்புக் கறை விழுந்து எனக்கு மனசே ஆறவில்லை. பிகாட் என்கிற ஓரத்துக் குட்டி நூல் வளையங்களில் தேங்கும் பசையை ஈரத்திலேயே ஊசிமுனையால் எடுத்துவிட வேண்டும், காய்ந்தால் அடைத்துக்கொள்ளும். ஒரு ராத்திரி காயவிட்டேன், சரி, இப்போது ஆறு இதழும் விறைப்பாக நிற்கின்றன.