தண்ணீரைக் கண்டு அஞ்சும் நாயைக் குளிப்பாட்டும் முறை

வடசென்னை வீடுகளில் நாயைக் குளிப்பாட்டும் இடம் பெரும்பாலும் இருவர் நிற்கவே போதாத குளியலறையாகவோ, பல குடித்தனங்களுக்குப் பொதுவான குழாயடியாகவோ இருக்கும். வழுக்கும் தரை, சாத்தினால் அதிரும் தகரக் கதவு, காலி பக்கெட்டில் முழு வேகத்தில் விழும் தண்ணீரின் ஓசை, கழுத்தை இறுக்கிப் பிடிக்கும் கை, தலையில் திடீரெனக் கவிழும் ஒரு மக் தண்ணீர் ஆகிய அனைத்தையும் ஒரே நேரத்தில் சந்தித்த நாய், அடுத்த முறை பக்கெட்டைப் பார்த்ததுமே கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்கிறது. அது தண்ணீருக்கு அஞ்சுகிறது என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். அதே நாய் மழை நாளில் தெருவில் தேங்கிய நீரைத் தயங்காமல் கடந்து செல்வதைப் பலர் கவனிப்பதில்லை. ஆகையால், குளிப்பாட்டத் தொடங்குவதற்கு முன் செய்யவேண்டிய முதல் வேலை, அந்த அச்சம் உண்மையில் எதைப் பற்றியது என்று பிரித்தறிவதே.

இதற்குப் பெரிய பயிற்சி எதுவும் தேவையில்லை. நாய் பசியோடு இருக்கும் நேரத்தில், குளியலறைத் தரை காய்ந்திருக்கும்போது, கதவைத் திறந்தே வைத்து உள்ளே சிறிது உணவை வைத்துப் பாருங்கள். வாசலைத் தாண்டவே மறுத்தால் அச்சம் அந்த இடத்தைப் பற்றியது. உள்ளே வந்தும் கால்களை அகட்டி, நகங்களைத் தரையில் ஊன்றித் தவித்தால் அது வழுக்கலைப் பற்றியது. வேறோர் அறையில் படுத்திருக்கையிலேயே குழாய் திறக்கும் ஓசைக்கு எழுந்து விலகினால் அது சத்தத்தைப் பற்றியது. எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டு, காதையோ இடுப்பையோ தொட்டவுடன் மட்டும் உறுமினால் அங்கே வலி இருக்கக்கூடும். காதுப் புண்ணும் வயதான நாய்களின் மூட்டு வலியும் அச்சம் என்று தவறாக எண்ணப்படுவது மிகவும் வழக்கம். வெள்ளை நிற ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே காது கேளாதவை. அத்தகைய நாயைப் பின்புறமிருந்து தொட்டாலோ நனைத்தாலோ அது திடுக்கிட்டுத் திரும்பிக் கடிப்பதில் வியப்பில்லை. எப்போதும் அதன் கண்ணுக்குத் தெரியும்படி முன்பக்கமாகவே நெருங்க வேண்டும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் தெளிவுபடுத்துவது அவசியம். தண்ணீரைக் கண்டு ஓடும் நாய்க்கு வெறி பிடித்திருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் சொல்லி, வீட்டார் அஞ்சி, நாயைத் தெருவில் விட்டுவிடும் நிலை வரை போவதுண்டு. தண்ணீரைக் கண்டு மிரளுதல் ரேபிஸ் கண்ட மனிதர்களிடம் காணப்படும் அறிகுறி. நாய்களில் அந்நோய் பெரும்பாலும் அவ்வாறு வெளிப்படுவதில்லை. திடீர்க் குணமாற்றம், குரைப்பின் குரல் மாறுதல், தாடை தொங்குதல், விழுங்க முடியாமல் எச்சில் வழிதல், கண்டதையெல்லாம் கடித்தல் ஆகியவையே நாயிடம் கவலைக்குரியவை. குளியலுக்கு மட்டும் நெடுநாளாக அஞ்சி, மற்ற நேரத்தில் நன்றாக உண்டு, குடித்து, விளையாடும் நாய்க்கு வெறிநோய் என்று எண்ணவேண்டியதில்லை. எனினும் தடுப்பூசி போடாத நாயைப் பிடித்துக் குளிப்பாட்டத் துணியாதீர்கள். எந்த நாய் கடித்தாலும், பற்கள் தோலைக் கீறியிருந்தாலும்கூட, அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு ஸ்டான்லி மருத்துவமனை போன்ற ஒரு மருத்துவமனைக்குச் சென்றுவிட வேண்டும்.

அச்சத்தின் தொடக்க அறிகுறிகளை அறிந்துகொண்டால் கடிபடும் நிலையே பெரும்பாலும் வராது. உறுமுவதற்கு வெகுநேரம் முன்பே நாய் உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் வெண்விழி தெரியப் பார்க்கும், வாலைக் கால்களுக்கிடையே செருகும், ஒரு முன்னங்காலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். அசையாமல் உறைந்து நிற்பதை அடக்கம் என்று எண்ணிப் பலர் வேகமாகத் தண்ணீர் ஊற்றத் தொடங்குகிறார்கள். என் கருத்தில் மிகுந்த கவனம் தேவைப்படும் கணம் அதுதான். உறுமினால் அடிக்கக் கூடாது. உறுமலை அடித்து நிறுத்திய நாய் அடுத்த முறை எச்சரிக்காமலேயே கடிக்கும்.

இனிப் பழக்கும் முறைக்கு வருவோம். ஒரு கோணிப்பையைத் துவைத்துக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கடையில் கிடைக்கும் சணல் கோணியே நல்லது. பிளாஸ்டிக் சாக்கு ஈரத்தில் வழுக்கும். முதல் சில நாட்களுக்கு அந்தக் கோணியைக் கூடத்தில் விரித்து, நாய்க்கு மிகவும் பிடித்த உணவை அதன்மேல் மட்டும் கொடுங்கள். உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேகவைத்த கோழி ஈரல், முள் நீக்கிய மீன், அவித்த முட்டை ஆகியவை குறைந்த செலவில் கிடைப்பவை. பிரியாணியில் மிஞ்சிய துண்டுகளைக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும், சமைத்த எலும்பு கூர்மையாக உடைந்து குடலில் குத்தும். கருவாடு காசிமேட்டுக்கு அருகிலுள்ளவர்களுக்கு எளிதில் கிடைக்கும் என்றாலும் அதன் உப்பு நாய்க்கு ஆகாது. கோணியைக் கண்டதும் நாய் வாலாட்டி வரத் தொடங்கியபின் அதே கோணியைக் குளியலறையில் விரித்து, கதவைத் திறந்தே வைத்து உணவளியுங்கள்.

அதன்பின் காலி மக்கை அருகில் வைத்து உணவு. மக்கால் முதுகை மெல்லத் தொட்டு உணவு. வெளியே யாரோ ஒருவர் குழாயைச் சிறிதாகத் திறந்திருக்க உள்ளே உணவு. ஈரத்துணியால் ஒரு காலைத் துடைத்து உணவு. கைப்பிடி நீரைப் பாதத்தில் வழியவிட்டு உணவு என்று ஒவ்வொன்றாகச் செல்ல வேண்டும். வரிசை முக்கியமானது: அஞ்சவைக்கும் பொருள் முதலில் வர வேண்டும், உணவு உடனே தொடர வேண்டும். உணவைக் காட்டி ஏமாற்றி உள்ளே இழுத்துவந்து பிறகு நனைத்தால், நாய் அந்த உணவையே சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளும். பசித்த நாய் பிடித்த உணவை வாங்க மறுக்கிறது என்றால் நாம் அளவுக்கு மீறி விரைந்துவிட்டோம் என்பதே பொருள்; முந்தைய படிக்குத் திரும்பி, அதை நன்றாக முடித்து, அன்றைக்கு நிறுத்திவிடலாம். சில நாய்களுக்கு ஒரு வாரம் போதும், சிலவற்றுக்கு மாதங்கள் ஆகும். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கப்படும் நாட்டு நாய்களில், சிறுவயதில் கடைக்காரர்களால் வெந்நீர் ஊற்றி விரட்டப்பட்டவை உண்டு. அவற்றிடம் அவசரம் காட்டவே கூடாது. இந்த நாட்களில் நாய் நாற்றமடித்தால் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடல் முழுதும் துடைத்துவிடுவதே போதுமானது.

தண்ணீரைப் பற்றியும் சற்று விரிவாகச் சொல்லவேண்டியிருக்கிறது. மீஞ்சூரை ஒட்டிய நிலத்தடியில் கடல்நீர் உட்புகுந்து பல ஆண்டுகளாகின்றன. கடற்கரையை அடுத்த தெருக்களில் பலவற்றிலும் போர் தண்ணீர் உப்பாகவே இருக்கிறது. உப்பும் கடினமும் மிகுந்த நீரில் ஷாம்பு சரியாக நுரைக்காது, முடியில் படிவும் தங்கித் தோலில் அரிப்பைத் தூண்டும். முழுக் குளியலுக்கும் நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால், நனைப்பதற்குப் போர் தண்ணீரைப் பயன்படுத்தி, கடைசி அலசலுக்கு மட்டுமாவது லாரித் தண்ணீரையோ குழாய்த் தண்ணீரையோ ஒரு பக்கெட் ஒதுக்கிவையுங்கள். வெயில் காலத்தில் மொட்டை மாடித் தொட்டியிலிருந்து நண்பகலில் இறங்கும் தண்ணீர் கை பொறுக்காத அளவுக்குக் கொதிக்கும், அதைக் கவனியாமல் ஊற்றுவது கொடுமை. நாயின் இயல்பான உடல் வெப்பம் ஏறத்தாழ 38 முதல் 39 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்; குளிக்கும் நீர் அதற்குச் சற்றுக் குறைவாக, நம் மணிக்கட்டின் உட்புறத்தில் ஊற்றினால் சூடோ குளிரோ தோன்றாத அளவில் இருந்தால் போதும். நேரம், வெயில் ஏறத் தொடங்கும் காலைப்பொழுது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் முழுக் குளியலைத் தள்ளிப்போடுவதே சிறந்தது.

மனிதர்களுக்கான சோப்பும் ஷாம்பும் நாய்க்கு ஏற்றவை அல்ல. நாயின் தோல் நம் தோலைவிட அமிலத்தன்மை குறைந்தது. டெட்டால், பினாயில் கலந்த நீரில் குளிப்பாட்டுவதும், உண்ணி ஒழிய மண்ணெண்ணெய் தடவுவதும் இன்னும் சில வீடுகளில் நடக்கின்றன. இவை தோலைப் புண்ணாக்கும்; நாய் நக்கி விழுங்கினால் உடலுக்குள்ளும் கேடு செய்யும். உண்ணிக்குப் பிடரியில் விடும் சொட்டு மருந்து போட்டிருந்தால், அதற்கு முன்னும் பின்னும் பொதுவாக இரண்டு நாட்கள் குளிப்பாட்டக் கூடாது. உறையில் எழுதியுள்ளபடி நடந்துகொள்ளுங்கள்.

குளிப்பாட்டும் நாளன்று, நாய் வருமுன்பே இரண்டு பக்கெட்டுகளையும் நிரப்பிக் குழாயை மூடிவிடுங்கள். ஷாம்பை ஒரு மக் நீரில் கரைத்துவைத்தால் சீராகப் பரவும், அலசவும் தண்ணீர் குறைவாகச் செலவாகும். நாய்க்குப் பழக்கமான இருவர் மட்டும் இருந்தால் போதும். குழந்தைகள் கூடி நின்று கூச்சலிட வேண்டாம். ஒருவர் நாயின் தலைப்பக்கம் உட்கார்ந்து, சுவரில் நாய்க்கு எட்டும் உயரத்தில் புளிக்காத கெட்டித் தயிரைப் பூசி நக்கவிடலாம். நக்குவது நாயை அமைதிப்படுத்தும், முகமும் ஒரே பக்கம் நிற்கும். கழுத்துச் சங்கிலியைக் குழாயில் கட்டாதீர்கள். நாய் உதறினால் கழுத்து இறுகி, அடுத்த முறைக்கான அச்சமும் கூடிவிடும். மார்போடு மாட்டும் பட்டையைக் கையில் தளர்வாகப் பிடித்துக்கொள்வதே போதும்.

நீரை உயரத்திலிருந்து ஊற்றாமல், மக்கின் விளிம்பை உடலோடு ஒட்டிவைத்து ஓசையின்றி வழியவிடுங்கள். பின்னங்கால்களில் தொடங்கி, இடுப்பு, முதுகு, மார்பு, தோள் என்று முன்னேறிக் கழுத்தோடு நிறுத்துங்கள். ஒரு கை எப்போதும் நாயின் உடல்மீது இருக்கட்டும். கரைத்த ஷாம்பைத் தடவி, விரல் நுனிகளால் முடி வளர்ந்த திசையில் தேய்க்கும்போதே உண்ணி, புண், கட்டி, முடி உதிர்ந்த திட்டு ஏதும் தட்டுப்படுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். கால்விரல் இடுக்குகளில் உண்ணிகள் ஒளிந்திருக்கும். அலசுவதில் சிக்கனம் கூடாது. அக்குளிலும் அடிவயிற்றிலும் ஷாம்பு தங்கினால் ஓயாமல் சொறியும். முகத்துக்குத் தண்ணீர் ஊற்றவே வேண்டாம், பிழிந்த துணியால் துடைத்தால் போதும். காதுக்குள் நீர் புகாமல் மடலை மடித்துப் பிடித்துக்கொண்டு, முடிவில் வெளிமடலை மட்டும் உலர்ந்த துணியால் ஒற்றியெடுங்கள். இடையில் நாய் நடுங்கத் தொடங்கினால் ஷாம்பு போட்ட பகுதியை மட்டும் அலசி நிறுத்திவிடலாம். பின்பாதி இன்று, முன்பாதி அடுத்த வாரம் என்று குளிப்பாட்டுவதில் எந்தக் குறையும் இல்லை.

துவட்டுவதற்குப் பழைய பருத்தி லுங்கியைவிட ஏற்றது வேறில்லை. அழுத்தித் தேய்க்காமல் சுற்றி ஒற்றவேண்டும். குளியலுக்குப் பிந்திய சில நிமிடங்கள் நாய் வீடெங்கும் பாய்ந்து ஓடுவது இயல்பு. ஆனால் தெருவுக்கு விட்டால் மண்ணில் புரண்டு வந்துவிடும். மொட்டை மாடியில், நிழலும் வெயிலும் கலந்த இடத்தில், தரை சுடவில்லை என்பதைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தபின் விடுங்கள்.

அச்சத்தைப் போக்குவதாகச் சொல்லி நாயைத் திருவொற்றியூர்ப் பக்கம் கடற்கரைக்குத் தூக்கிச்சென்று அலையில் எறிவதைச் சிலர் விளையாட்டாகவே செய்கிறார்கள். அங்கே கரையோரம் அலைத்தடுப்புக் கற்கள் கொட்டப்பட்டுள்ள இடங்கள் பல. அடிபடாமல் தப்பினாலும் உப்புநீரை விழுங்கி வாந்தியெடுக்கும். அன்றுவரை குளியலறைக்கு மட்டும் அஞ்சிய நாய், அன்றுமுதல் தன்னைத் தூக்கும் மனிதருக்கும் அஞ்சும்.

காத்திருக்க இயலாத நேரங்களும் உண்டு. 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே கடலில் இரு கப்பல்கள் மோதியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பின்னும் எண்ணெய் கசிந்து இப்பகுதியில் பரவியது பலருக்கு நினைவிருக்கும். உடலில் எண்ணெய் அப்பிய நாயை நக்கவிடாமல் தடுத்து, முதலில் பழந்துணியால் வழித்தெடுத்து, பாத்திரம் கழுவும் திரவத்தைச் சிறிதளவு நீரில் கலந்து கழுவி அலசிவிட்டு, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெள்ள நீரில் நடந்த நாயையும் அன்றே கழுவித் துவட்ட வேண்டும். எலிகளின் சிறுநீர் வழியாகப் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயையும் மனிதரையும் தாக்கும் என்பதால், கழுவுபவர் கையுறை அணிவது நல்லது.

இவ்வாறான தேவை ஏதும் இல்லையெனில், குட்டை முடியுள்ள நாட்டு நாய்க்கு மாதம் ஒரு குளியல் தாராளம். பொமரேனியன் போன்ற அடர்முடி நாய்களுக்குக் குளியலைவிட நாள்தோறும் சீவிவிடுவதே பெரிதும் உதவும்.

பல வாரம் பொறுமையாகப் பழக்கியும் பக்கெட்டைக் கண்டதும் நாய் சிறுநீர் கழித்துவிடுகிறது, கடிக்கப் பாய்கிறது அல்லது முன்பு அமைதியாகக் குளித்த நாய் திடீரென மறுக்கிறது என்றால், வேப்பேரியில் இயங்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். 1903-இல் தொடங்கப்பட்ட அக்கல்லூரி வடசென்னையின் பெரும்பகுதிக்கு எளிதில் எட்டும் தொலைவில்தான் உள்ளது. தேவையெனில் குளியலுக்கு முன் கொடுக்கவேண்டிய பதற்றம் தணிக்கும் மருந்தை நாயின் எடைக்கேற்ப மருத்துவரே எழுதித் தருவார். வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கான தூக்க மாத்திரையை ஒருபோதும் கொடுக்காதீர்கள். போகும்போது, வீட்டில் பக்கெட்டைக் கண்டதும் நாய் நடந்துகொள்ளும் விதத்தைக் கைப்பேசியில் சிறு காணொளியாக எடுத்துச் செல்லுங்கள். மருத்துவமனைக் கூட்டத்தில் நாய் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதால், அந்தக் காணொளிதான் மருத்துவருக்கு மிகவும் உதவும்.