வசனத்தை விடுங்கள், சட்டத்தின் வரியைப் பேசுங்கள்

தன்பாலீர்ப்பாளரும் மதப் பழமைவாதிகளும் அரசியல் பேச உட்கார்ந்தால், பேச்சு பெரும்பாலும் முதல் சில நிமிடங்களிலேயே முறிந்துவிடுகிறது. எதிரில் இருப்பவரை மாற்றிக் காட்டுகிறேன் என்று இரண்டு பேருமே கிளம்பி வருவதுதான் காரணம். முதல் தவறு அதுதான், மற்றதெல்லாம் அதன் குட்டிகள். வேத வசனத்துக்குப் புது விளக்கம் சொல்லி ஒரு பாதிரியாரையோ மௌலவியையோ மடக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள், அவர் அந்த வசனத்தோடு நாற்பது வருடம் வாழ்ந்தவர் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அமெரிக்காவின் யூட்டாவில் நடந்ததைப் பாருங்கள். 2008-ல் கலிஃபோர்னியாவில் தன்பாலினத் திருமணத்தைத் தடுக்க வந்த வாக்கெடுப்புக்கு, யூட்டாவைத் தலைமையிடமாகக் கொண்ட மார்மன் திருச்சபை வரிந்துகட்டிக்கொண்டு வேலை செய்தது. எதிர்ப்பும் ஆர்ப்பாட்டமும் கிளம்பின. ஆனால் மறு ஆண்டே, வேலையிலும் வாடகை வீட்டிலும் தன்பாலீர்ப்பாளருக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்று யூட்டாவின் தலைநகரான சால்ட் லேக் சிட்டியின் நகர மன்றம் கொண்டுவந்த சட்டத்தை அதே திருச்சபை வெளிப்படையாக ஆதரித்தது. இடைப்பட்ட மாதங்களில் இரு தரப்பிலும் சிலர் சத்தமில்லாமல் சந்தித்துப் பேசியிருந்தார்கள். கேமரா இருந்திருந்தால் ஒவ்வொருவரும் தன் ஆட்களுக்குக் கேட்கும்படிதான் பேசியிருப்பார்கள்.

2015 மார்ச்சில் அது மாநிலச் சட்டமானது. மத நிறுவனங்களுக்கு விலக்கு உண்டு. 15 பேருக்கும் குறைவாக வேலை பார்க்கும் நிறுவனங்களுக்கும் விலக்கு. கடையிலும் ஓட்டலிலும் சேவை மறுப்பது பற்றிப் பேச்சே இல்லை. அரைகுறைச் சட்டம் என்று திட்டியவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. ஆனாலும், விஷயம் தெரிந்த மறுநாளே வேலையை விட்டு அனுப்பிய முதலாளி இனி பதில் சொல்லியாக வேண்டும். இதற்காகத் திருச்சபை தன் போதனையில் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. 2022-ல் தன்பாலினத் திருமணங்களை அங்கீகரிக்கும் கூட்டாட்சிச் சட்டத்தை ஆதரித்தபோதும், திருமணம் பற்றிய எங்கள் கோட்பாடு மாறாது என்று சொல்லிவிட்டுத்தான் ஆதரித்தது.

அடுத்தது, சொல். 'ஓரினச்சேர்க்கையாளர்' என்றதும் மனிதர் மறைந்து படுக்கையறை மட்டும் முன்னால் வந்து நிற்கிறது. எதிரில் இருப்பவருக்குக் காது அப்போதே அடைத்துவிடும். அதேபோல், கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ தவறாமல் போகிறார் என்பதற்காக ஒருவரை 'மதவெறியர்' என்று அழைத்தால், அதற்குமேல் பேச என்ன இருக்கிறது?

'நாங்கள்', 'அவர்கள்' என்று கோடு கிழிப்பதும் தவறுதான். விடியலில் எழுந்து ஜெபிக்கும் தன்பாலீர்ப்பாளர் இருக்கிறார். மகன் மனம்விட்டுச் சொன்ன இரவிலிருந்து தூங்காத பழமைவாதி அப்பாவும் இருக்கிறார். இவர்களை யாரும் அழைப்பதே இல்லை. உரக்கப் பேசுபவர்களைத்தான் அழைக்கிறோம்.

இன்னொன்று: 'மனம்விட்டுப் பேசினால் மாறிவிடுவார்கள்' என்பதற்குச் சான்றாக 2014-ல் வந்த ஒரு ஆய்வைச் சிலர் இன்னும் எடுத்துக் காட்டுகிறார்கள். தரவு நம்பத்தக்கதல்ல என்று அது 2015-லேயே திரும்பப் பெறப்பட்டுவிட்டது. குளறுபடியைக் கண்டுபிடித்தவர்களில் இருவர் பிறகு மயாமியில் திருநர் உரிமை குறித்து ஆய்வு நடத்தினார்கள். வீடு வீடாகப் போனவர்கள் வாதம் செய்யவில்லை. "நீங்கள் மற்றவர்களைப் போல இல்லை என்று யாராவது உங்களை மட்டமாக நடத்தியது உண்டா?" என்று கேட்டுவிட்டு, பதிலைக் காதுகொடுத்துக் கேட்டார்கள். சுமார் 10 நிமிடப் பேச்சுதான். அதன் விளைவு மூன்று மாதம் கழித்தும் இருந்தது. எல்லோரும் மாறிவிடவில்லை. சிலர் மாறினார்கள்.

கடைசியாக, இரண்டு நாற்காலி போட்டுவிட்டதால் இரண்டு பேருக்கும் ஒரே விலை என்று நினைக்காதீர்கள். பழமைவாதி தோற்றால் ஒரு வாதம் தோற்கும். மற்றவர் வேலையையோ வீட்டையோ இழக்கலாம். எனவே பெயர் வெளியே வராது என்ற உறுதியைப் பேச்சு தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுங்கள். நடுவில் எழுந்து போக விரும்பினால், ஏன் என்று கேட்காமல் வழிவிடுங்கள்.