லேமினேட் தரை நடுவில் மேடு தட்டினால் கதவு ஸ்டாப்பரைப் பாருங்கள்

மழைக்காலம் தொடங்கியதும் ஹாலில் போட்ட 8 மி.மீ. லேமினேட் தரை (மர நார்ப் பலகை மேல் மர அச்சுத் தாள் பதித்தது) நடுவில் மேடு தட்டியது. மிதித்தால் பொதக்கென்று அமுங்கும்.

முதலில் ஈரம் என்று சந்தேகம். சில பலகைகளைக் கழற்றி, கான்கிரீட் மேல் பாலித்தீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் ஒட்டி ஒரு நாள் விட்டேன். அடியில் துளி வியர்வை இல்லை. பலகை மாற்றியும் மேடு போகவில்லை. சுவரடிப் பட்டியான ஸ்கர்ட்டிங்கைக் கழற்றினால் சுவரோரம் 10 மி.மீ. இடைவெளியும் சரியாகவே இருந்தது.

கடைசியில் சிக்கியது கதவு ஸ்டாப்பர். அதன் ஸ்க்ரூ பலகையைத் துளைத்துக் கான்கிரீட்டில் இறங்கியிருந்தது. எதிர்ப்பக்கம் டிவி யூனிட்டும் அப்படியே. லேமினேட் ஒட்டாமல் மிதக்கும் தரை. காற்றில் ஈரம் ஏறும்போது பலகை விரியும், நகர இடம் வேண்டும். இரு முனையும் ஆணியடித்த மாதிரி பிடித்தால் நடுவில்தான் தூக்கும். இரண்டையும் சுவருக்கு மாற்றி, துளைகளை அதே நிற மெழுகால் அடைத்தேன். மேடு மெல்லப் படிந்தது.

தேக்குக்கு மாறலாமா என்றும் கணக்குப் போட்டேன். அடித்தோ ஒட்டியோ பதிப்பதால் ஸ்டாப்பர் தொல்லை வராது. கீறினால் இழைத்து மெருகேற்றலாம், லேமினேட்டில் முடியாது. ஆனால் 12 மி.மீ. பிளைவுட், மேலே 18 மி.மீ. பலகை: தரை கான்கிரீட்டிலிருந்து 30 மி.மீ. உயரும், எல்லாக் கதவையும் கீழே அறுக்க வேண்டும். லேமினேட்டையே வைத்துக்கொண்டேன்.