டெஸ்டரில் எல்லாம் சரி, ஃபைல் மட்டும் வரவில்லை

திருப்பூரில் எங்கள் பனியன் கம்பெனியின் கட்டிங் செக்‌ஷன் கம்ப்யூட்டருக்கு மட்டும் பேட்டர்ன் ஃபைல் பாதியில் நின்றுவிடும். பிங் (அந்தக் கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்க அனுப்பும் சின்னச் செய்தி) போட்டால் பதில் வரும், அதனால் கேபிளைச் சந்தேகிக்கவில்லை. பல நாள் வீணானதற்கு அதுதான் காரணம். ஸ்விட்ச் போர்ட், நெட்வொர்க் கார்டு, டிரைவர் எல்லாம் மாற்றியாயிற்று. நெட்வொர்க் கேபிளும் 100 மீட்டர் வரம்புக்குள்தான். கேபிள் டெஸ்டரில் எட்டுக் கம்பிக்கான எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தன.

அப்புறம் கேபிள் முனையிலுள்ள பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என ஜோடி ஜோடியாக அடுத்தடுத்து கிரிம்ப் செய்திருந்தது (கம்பிகளைப் பிளக்கில் அழுத்திப் பொருத்தியிருந்தது), இரண்டு முனையிலும் அதே மாதிரி. கம்பி இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போகிறதா என்பதை மட்டும்தான் சாதாரண டெஸ்டர் பார்க்கும். ஆனால் பிளக்கின் 3, 6 பின்களுக்குப் போகும் கம்பிகள் ஒன்றோடொன்று முறுக்கிய ஒரே ஜோடியாக இருந்தாக வேண்டும். இங்கே 3 பச்சை ஜோடி, 6 நீல ஜோடி. முறுக்கின் பலன் போய், பக்கத்து ஜோடியின் சிக்னல் கலந்துவிடும். சின்ன பிங் தப்பித்துப் போகும், பெரிய ஃபைல் மாட்டிக்கொள்ளும். குட்டை கேபிளில் இது பெரும்பாலும் தெரியாது.

இரண்டு முனையையும் வெட்டி, வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்று அடித்தேன். ஃபைல் முழுதாக இறங்கியது. பெரிய நிம்மதி.