கிளினிக்கல் சைக்காலஜிக்கு விண்ணப்பிக்கிறீர்களா? ஏர்வாடியை எழுதுங்கள்

ராமநாதபுரம் கடற்கரைப் பக்கமிருந்து கிளினிக்கல் சைக்காலஜி (மருத்துவ உளவியல்) மேற்படிப்புக்குப் போக நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. இடங்கள் குறைவு, போட்டி கடுமை. பணம் கட்டுவதற்கு முன்பே, அந்தப் படிப்புக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களுடைய இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். அது இல்லாத படிப்பை வைத்து கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியாது.

சரி, இனி நோக்க அறிக்கை; இந்தப் படிப்பை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்று விண்ணப்பத்தோடு எழுதித் தருவது. "சிறுவயது முதலே மனித மனம் என்னை ஈர்த்தது" என்று தொடங்க வேண்டாம், எல்லோரும் எழுதுவது அதுதான். ஏர்வாடி தர்காவுக்கு மனநோயாளியோடு வந்து தங்கும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நீங்கள். 2001 ஆகஸ்ட்டில் அந்த ஊர் மனநலக் காப்பகம் ஒன்றில் நடந்த தீ விபத்தில், சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் கருகி இறந்தது நேர்காணல் செய்பவர்களுக்கும் தெரியும். அதைச் சொல்லி உருக வைக்க முயலாதீர்கள். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் தடை செய்கிறது. பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்கச் செய்யும் 'தவா–துவா' முறை அங்கே இருக்கிறது. அதற்குப் பதில் இதை யோசியுங்கள்: மகன் மாத்திரையை நிறுத்திவிட்டான் என்று வரும் அம்மாவிடம், அவர் நம்பிக்கையைப் புண்படுத்தாமல் முதலில் என்ன கேட்பீர்கள்? அந்தக் கேள்விக்கு நான்கு வரி எழுதுங்கள். என்னைக் கேட்டால், மொத்த அறிக்கையிலும் கனமான இடம் அதுதான்.

நோயாளியின் பெயர், ஊர், அடையாளம் எதுவும் வேண்டாம். ரகசியம் காக்கத் தெரியாதவர் என்ற எண்ணம் வந்துவிடும். அப்புறம், பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவிக்காரரிடம் கேட்காமல் உங்கள் வேலையை நேரில் பார்த்த ஆசிரியரிடம் கேளுங்கள்.